மூக்கு போன மாஸ்டரும் எட்டு முட்டைகோசும்

என் வீட்டுக்காரருக்கு நல்ல எடுப்பான மூக்கு. பெண் பார்க்க வந்த அன்று நான் முதலில் பார்த்ததே அதைத்தான். ஊருக்கெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, போகிற போக்கில் அந்த மூக்கின் வேலையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மூக்கு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. வாசனைதான் சுத்தமாக இல்லை. ஊதுபத்தியும் ஊசிப்போன சாம்பாரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

எனக்குப் போயிருந்தால் பரவாயில்லை. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஃபார்வர்டிங் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புகிறவளுக்கு மூக்கு எதற்கு? இவரோ கல்யாணச் சமையல் மாஸ்டர். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் இவர் கரண்டி போகாத மண்டபம் கிடையாது. அதிலும் ஒரு பிடிவாதம்: சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டார். சாமிக்குப் படைக்கும் முன்னால், பந்தி உட்காரும் முன்னால் வாயில் வைத்தால் அது எச்சில். உப்பு கைக்கணக்கு. மற்றதெல்லாம் மூக்குக்கணக்கு.

முட்டைகோஸ் பொரியல் அண்டா அடுப்பில் இருக்கும். இவர் இருபதடி தள்ளி நின்று, வாழையிலை ஏன் இவ்வளவு சின்னதாக வந்திருக்கிறது என்று யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார். சண்டைக்கு நடுவிலேயே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எறக்கு!" என்று ஒரு சத்தம் வரும். கோஸ் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் போதும், அதற்கென்றே ஒரு கெட்ட வாடை கிளம்பும். அது கிளம்பப் போகிறது என்பது இவர் மூக்குக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். மண்டபத்தில் இது பெருமை. வீட்டில் எனக்கு இது வதை. நான் அடுப்படியில் நிற்பேன், அவர் ஹாலில் டிவி முன்னால் இருந்துகொண்டு "எறக்கு!" என்பார். கல்யாணம் ஆகி முப்பது வருஷம், என் கோஸ் என் இஷ்டத்துக்கு ஒரு நாளும் வெந்ததில்லை. அந்தச் சத்தம் ஒழியாதா என்று வேண்டாத சாமி இல்லை. ஒழிந்தது. ஒழிந்த பிறகுதான் வீடு எவ்வளவு ஊமையாகிவிட்டது என்று தெரிந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு ஒரே ஒரு சமையலுக்குப் போனார். கிள்ளானில் ஒரு புதுமனை புகுவிழா. பாயசத்துக்கு எடுத்து வைத்த தேங்காய்ப்பால் புளித்துவிட்டது. இவருக்குத் தெரியவில்லை, ஊற்றிவிட்டார். இவரோடு வேலை செய்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், தங்கமான மனுஷர். அவர்தான் காதோரமாக வந்து, "மாஸ்டர், பால் திரிஞ்சிருக்கு" என்று சொன்னார். இவர் பாயசம் முழுவதையும் சாக்கடைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, தோள் துண்டை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மூக்கு வரும்வரை அடுப்புப் பக்கம் போவதில்லை என்றார். மூக்கு வராவிட்டால்? கிளினிக்கில் கிராம்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்கள். ஒரு வாரம் மோந்தார். "வெறும் டப்பாவ மோந்த மாதிரி இருக்கு" என்று எடுத்து வைத்துவிட்டார்.

தஞ்சாவூர்க்காரர்தான் போன் போட்டு, "சும்மா உக்காராதீங்க மாஸ்டர், எதையாவது நடுங்க" என்றார். எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் ஒரு துண்டு மண் கிடக்கிறது. வெண்டை, கத்தரி என்று நியாயமான எதையாவது நட்டிருக்கலாம். இவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. "எது வேணா போடுங்க லா, கோபிஸ் மட்டும் போட்டுராதீங்க. அது கேமரன் மலைச் சாமான். இந்த வெயில்ல எங்க வரும்?"

கோபிஸ் என்றால் முட்டைகோஸ். முடிந்தது கதை. மறுநாளே வெயிலைத் தாங்கும் விதை என்று எங்கேயோ விசாரித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாற்று நன்றாகத்தான் வந்தது. இருபது செடி. மேலே கறுப்பு வலை கட்டினார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் செடி வெளுத்துப்போய், வேண்டாவெறுப்பாக நின்றது. தஞ்சாவூர்க்காரரைக் கேட்டால், "மண்ணுல போட்டா மட்டும் போதாது மாஸ்டர், எலையிலயும் அடிக்கணும். எங்க ஊர்ல மீன் அமிலம் அடிப்போம்" என்றார். மீன் கழிவும் வெல்லமும் சம எடை. வாளியில் போட்டு இறுக்கி மூடி, நிழலில் மூன்று வாரம் வைக்க வேண்டும். அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். தேன் பதத்துக்கு வந்ததும் வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடியிலும் மேலேயும் படும்படி அடிக்க வேண்டும். பதம் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? "வாசனைதான் மாஸ்டர். நாத்தம் போய் பழ வாசனை வரும். நீங்க பாக்காத பதமா?"

அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார், பாவம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்திருக்கும். பிறகு இவர், "இவ இருக்கால்ல, மோந்து சொல்லுவா" என்று என்னைக் காட்டினார். போனில் காட்டினால் அவருக்கு என்ன தெரியும்? ஆனால் காட்டினார். முப்பது வருஷத்தில் சமையல் விஷயத்தில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அதுதான்.

பாசாரில் மீன்கடை முதலாளி தவுக்கே ஒரு பை நிறைய குடலும் தலையும் சும்மாவே கொடுத்தார். வெல்லத்துக்கு லிட்டில் இந்தியா வரை போய், கல்யாணப் பாயசத்துக்கு வாங்குகிற அதே கடையில், அதே கறுத்த வெல்லம்தான் வாங்குவேன் என்று நின்று வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? பாதியைத்தான் வாளியில் போட்டார். மீதியை டின்னில் போட்டுப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டார். நான் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நமக்கென்ன தெரியும் என்று இருந்திருப்பேன்.

மூன்று வாரமும் தினம் காலையில் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டுவார். ஐயோ, அந்த நாற்றத்தை நான் என்னவென்று சொல்ல! கோடாலியால் வெட்டலாம் போல இருக்கும். "எப்படி இருக்கு?" என்பார். "இன்னும் ஆகல" என்பேன், மூச்சைப் பிடித்துக்கொண்டே. கடைசி நாள் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் பை, ஒரு காலில் செருப்பு. இவர் வாளியோடு வாசலில் நிற்கிறார். முகத்தில் என்னமோ ஒரு களை, அந்தப் பாயசத்துக்குப் பிறகு நான் பார்க்காத களை. "இன்னியோட மூணு வாரம். வாசன வந்துருச்சா?"

நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. "வந்துருச்சுங்க. தேன் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். நேரமாகிவிட்டது என்பது பாதி உண்மை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது மீதி.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் தெருமுனை வருவதற்குள் முந்தானை தானாக மூக்குக்குப் போய்விட்டது. ஆன்டி வீட்டு வாசலில் ஒரே செருப்பாகக் கிடந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டுச் சத்தம் பாதியில் நின்று, ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாஸ்டர் முகத்தில் கைக்குட்டை. ஒரு அம்மா கால்வாயோரம் போய்க் குனிந்து நிற்கிறார். ஆன்டி பைபிளாலேயே விசிறிக்கொண்டு, "என்ன செத்துச்சு? யார் வீட்ல என்ன செத்துச்சு?" என்று கத்துகிறார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நம்ம மாஸ்டர், முதுகில் ஸ்பிரே பம்போடு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி சிரித்த முகமாக நிற்கிறார். "வாங்க பாஸ்டர், வாங்க வாங்க. கோஸ் நல்லா வரணும்னு இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாஸ்டரின் கைக்குட்டையைப் பார்த்தார். ஆன்டியின் பைபிளைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு கேட் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையும் என் மூக்கில்தான் இருந்தது. எடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. பம்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் பார்த்தால் இருபது செடியிலும் இலையோரம் காய்ந்து பழுப்பேறிவிட்டது. நாற்றம் மட்டுமா, அளவும் தப்பு. லிட்டருக்கு ஒரு ஸ்பூன் என்று சொன்னதை இவர் ஒரு கரண்டியாக ஊற்றியிருக்கிறார், குழம்புக் கரண்டி. ஐந்நூறு பேருக்கு ஊற்றிப் பழகிய கைக்கு ஸ்பூன் எல்லாம் பிச்சை போடுகிற மாதிரி இருந்திருக்கும். தஞ்சாவூர்க்காரருக்கு நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டோம்.

"வெல்லம் எவ்ளோ போட்டீங்க மாஸ்டர்?"

"பாதி."

"ஐயய்யோ! ஏன் மாஸ்டர்?"

"பாயசத்துக்குப் போற வெல்லம்யா அது. மீன் கொடலுக்குக் கொட்ட மனசு வரல."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெல்லம் குறைந்தால் மீன் அமிலமாகாது, அழுகித்தான் போகும் என்று சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். உலகத்தில் எத்தனையோ பேர் மீன் அமிலம் போடுகிறார்கள். வெல்லத்தின் மரியாதை போய்விடும் என்று குறைத்துப் போட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் வீம்புக்குப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீயை வைத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இப்ப ஒன் மூக்குதான் இருக்கு. அதுவும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். வெல்லத்தைக் குறைத்தது யார் என்று வக்கீல் மாதிரி வாதாடியிருப்பேன். "இனிமே சொல்ல மாட்டேங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் டீயைக் குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார்.

மறுபடி பாசார், மறுபடி தவுக்கே, மறுபடி வாளி. இந்தத் தடவை தராசில் நிறுத்தி, மீன் எவ்வளவோ அவ்வளவு வெல்லம். அலமாரி டின்னையும் நானே எடுத்துக் கவிழ்த்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தினம் காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெறும் "ஆகல" என்று சொன்னால் விடமாட்டார். எப்படி ஆகவில்லை? எந்த மாதிரி? நானும் தேடித் தேடிச் சொன்னேன். கருவாட்டுக் கடை மாதிரி. நாலு நாள் கழித்து, கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் யாரோ பாகு காய்ச்சுகிற மாதிரி. அப்புறம் புளித்த அன்னாசி. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவரும் வாளிக்குள் முகத்தை விட்டு இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் வராது. ஆனாலும் விடாமல் இழுப்பார். கிராம்புக்கு ஒரு வாரத்தில் சலித்துப்போன மனுஷர், மீன் குடலுக்கு மூன்று வாரம் சலிக்கவில்லை.

ஆன்டி சும்மா இருப்பாரா? இரண்டாம் வாரம் அவரும் வேலியோரம் வந்துவிட்டார். "குடுங்க நான் ஸ்மெல் பண்றேன். ஜெபக்கூட்டத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்" என்று வாளியை வாங்கி மோந்தவர், "ஹே, பரவால்ல லா. கொஞ்சம் ரம் மாதிரி இருக்கு" என்றார். ரம் வாசனை உங்களுக்கு எப்படி ஆன்டி தெரியும் என்று நான் கேட்டேன். "கிறிஸ்மஸ் கேக்ல போடுவோம்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

கடைசி நாள் நான் மூச்சைப் பிடிக்காமல், நிதானமாக, இரண்டு தடவை மோந்தேன். பழுத்த வாழைப்பழமும் பாகும். மீன் எங்கேயோ அடியில் ஓரமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். "அடியில கொஞ்சம் மீன் இருக்கு. மேல எல்லாம் பழம்தான்." அவர் தலையை ஆட்டி, "அப்ப சரி" என்றார்.

அளவுக்கு இருமல் மருந்து பாட்டிலின் சின்ன மூடியைக் கையில் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே வாங்கினார். ஆனால் ஒன்று, சும்மா சொல்லக்கூடாது, அவருடைய தொழில் புத்தியும் அங்கே உதவியது. கோஸ் இலையில் மெழுகு பூசினாற்போல ஒரு வழவழப்பு. அடித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும். இவர் பார்த்தார், சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துக் கொஞ்சம் கலந்தார். அப்புறம் ஒரு சொட்டு உருளவில்லை. தஞ்சாவூர்க்காரரே போனில் "சூப்பர் மாஸ்டர்" என்றார். அன்றைக்கு முழுவதும் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சியைப் பற்றிப் பாடம் நடந்தது.

கருகியதில் பன்னிரண்டு செடி பிழைக்கவில்லை. எட்டு பிழைத்தது. வாரம் ஒரு தடவை, சாயங்காலம், அடியிலும் மேலேயும். புது இலை பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தில் வந்தது. பிறகு நடு இலைகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ள ஆரம்பித்தன. கேமரன் கோஸ் மாதிரி தலைப் பருமன் எல்லாம் இல்லை, தேங்காய் அளவுதான். ஆனால் அமுக்கிப் பார்த்தால் கெட்டி. ஆன்டி வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் வரும்னு" என்றார். எங்கள் வாயை நாங்கள் மூடிக்கொண்டோம்.

முதல் கோஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார். என் கையில் கொடுத்து, "பொரியல் பண்ணு" என்றார். நீங்கள் பண்ணுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காதவர் மாதிரி பம்பைக் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டார்.

நான் நறுக்கினேன், தாளித்தேன், போட்டேன், மூடினேன். அந்த நேரம் பார்த்து டெங்கிலிலிருந்து என் அக்கா போன். அவளுக்கு மருமகளைப் பற்றிச் சொல்ல எப்போதும் நிறைய இருக்கும். எனக்கும் கேட்க ஆசை. அடுப்பை மறந்தேன்.

"எறக்கு!"

நான் போனோடு திடுக்கிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது.

"ஏய், எறக்குன்னு சொல்றேன்ல! கோஸு போகுது!"

அக்கா அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்கிறாள். நான் போனை மேசையில் வைத்தேன். அடுப்பை அணைக்கவில்லை. கை வரவில்லை. அவர் ஈரக் கையோடு கதவுக்கு வந்து நின்றார். வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், சட்டியில் கோஸ் நாறிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு நாற்றம். நாறு, நல்லா நாறு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஆவி வர்றதப் பாத்துச் சொன்னீங்களா?" என்றேன்.

"அங்கேருந்து எனக்கு என்ன தெரியும்?" என்றார். மெதுவாகக் கிட்டே வந்து, மூடியைத் திறந்து, முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனார். கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"கடுகு தீஞ்சிருக்கு," என்றார். "பெருங்காயம் பழசு. எந்தக் கடையில வாங்குன?"

சொல்லி முடிக்கும்போது அவர் மூக்கு நுனியில் தண்ணீர் நின்றது. கண்ணிலிருந்து வந்ததுதான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பது வருஷம் இந்த ஆளின் குற்றம் குறையைக் கேட்டு மனசு வெந்திருக்கிறேன். இன்னும் சொல்லுங்க, இன்னும் என்ன தப்பு, சொல்லுங்க என்று அன்றைக்குக் கேட்டு வாங்கினேன். அவரும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

எல்லாம் திரும்பவில்லை. ஏலக்காய் இன்னும் வரவில்லை, மல்லிகை அரைகுறை. ஆனாலும் அன்று சாயங்காலமே தஞ்சாவூர்க்காரருக்குப் போன் போட்டு, "அந்தத் தோள் துண்டு எங்கய்யா?" என்று கேட்டார்.

மத்தியானம் அந்தப் பொரியலைத்தான் சாப்பிட்டோம். கோஸ் குழைந்து, கடுகு கருகி, வாயில் வைக்க வழியில்லை. முப்பது வருஷத்தில் நான் கெடுத்த சமையலில், அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.